திருத்தும் கை: தொடக்கப்பள்ளி ஓவியக் கல்வியில் ஓர் அறவினா

முன்னுரை

தொடக்கப்பள்ளி மாணவன் ஒருவன் 'மரம்' என்னும் சொல்லை 'மறம்' என எழுதினால் ஆசிரியர் திருத்துகிறார். ஐந்தும் மூன்றும் ஒன்பது என்றாலும் திருத்துகிறார். இத்திருத்தங்களின் நேர்மையை எவரும் ஐயுறுவதில்லை. அம்மாணவனே ஓவிய வகுப்பில் தன் தாயை வீட்டினும் உயரமாக வரைகிறான்; காகத்திற்கு ஊதா வண்ணம் தீட்டுகிறான்; சுவருக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டிய அடுப்பையும் பானையையும் சுவரின்மீதே தோன்ற வரைகிறான். இங்கும் ஆசிரியர் திருத்த வேண்டுமா? திருத்தினால் அவர் எதைத் திருத்துகிறார்? திருத்தாது விடின் தம் கடமையினின்று வழுவியவர் ஆவாரா?

இவ்வினா பயிற்றுமுறை பற்றியது போலத் தோன்றினும் அடிப்படையில் அறம் பற்றியதாகும். ஒருவர் செய்த பொருளின்மீது இன்னொருவர் கைவைக்கும் உரிமை எங்கிருந்து வருகிறது என்பதே இதன் உட்பொருள். வலிமையில் நிகரில்லாத இருவருக்கிடையே இவ்வுரிமை செயற்படுவதால் வினா மேலும் கூர்மை பெறுகிறது. குழந்தையின் படம் அக்குழந்தையின் கூற்று. கூற்றை மாற்றும் உரிமை கூறியவர்க்கே உரியது. ஆசிரியர்க்கு உரியவை அதனைக் கேட்கும் கடமையும் மேலும் கூறுதற்கு வழிசெய்யும் கடமையுமே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். இக்கருத்திற்கு எழக்கூடிய தடைகளும் ஈண்டு ஆராயப்பெறுகின்றன.

திருத்தம் வந்த வழி

இந்தியப் பள்ளிகளில் வரைதல் ஒரு பாடமாக இடம்பெற்ற வரலாறு இவ்வினாவின் ஒரு பகுதியைத் தெளிவாக்கும். சென்னையில் 1850ஆம் ஆண்டு மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியும், 1854இல் கல்கத்தாவிலும் 1857இல் பம்பாயிலும் தோன்றிய கலைப்பள்ளிகளும் கைவினைஞரின் தொழில்திறனை வளர்த்தலையும் வரைவாளர்களை உருவாக்குதலையும் முதன்மை நோக்கங்களாகக் கொண்டிருந்தன. இலண்டன் சவுத் கென்சிங்டனில் வகுக்கப்பெற்ற பாடமுறையின் தாக்கம் இவற்றில் மிகுதி. நேர்கோடு, வளைகோடு, வடிவியல் உருவம், அச்சிட்ட மாதிரிப்படம், பிளாஸ்டர் வார்ப்பு என மாணவர் ஒன்றைப் பார்த்து ஒன்றை வரைந்து பயின்றனர்.

இம்முறையில் திருத்தம் இயல்பானது. மூலம் ஒன்று முன்னே உள்ளது. படி அதனோடு ஒத்திருத்தல் வேண்டும். ஏட்டைப் படியெடுப்பவர் மூலத்தினின்று விலகினால் அதனைப் பிழை என்கிறோம். அதுபோலவே மாதிரியினின்று விலகிய கோடும் பிழையாகிறது. கட்டடக் கலைக்கும் நெசவுக்கும் உலோக வேலைக்கும் வரைவாளரைப் பயிற்றும் பள்ளியில் இவ்வளவுகோல் பொருந்தும். அத்தொழிற்கல்வியின் அளவுகோல் ஆறு வயதுக் குழந்தையின் வகுப்பறைக்கும் வந்து சேர்ந்ததே சிக்கலின் தோற்றுவாய் எனலாம்.

அதன் எச்சத்தை இன்றும் எளிதாகக் காணலாம். இரு மலைகள், இடையே எழும் கதிரவன், மலையடியிலிருந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, அருகே ஒரு தென்னை, வானில் நான்கைந்து பறவைகள் என்னும் ஒரே படம் நாட்டின் பல பகுதிகளிலும் பள்ளிக் குழந்தைகளின் குறிப்பேடுகளில் இடம்பெறுகிறது. மலையைக் கண்டிராத கழிமுகநாட்டுக் குழந்தையும் தென்னையைக் கண்டிராத இராசத்தானத்துக் குழந்தையும் அதனையே வரைகின்றனர். ஆசிரியர் கரும்பலகையில் வரைந்ததைப் பார்த்து வரைந்த படம் அது. அப்படத்தில் பிழை காண்பது எளிது. குழந்தையைக் காண்பதுதான் அரிது.

இதற்கு மாற்றான சிந்தனையும் இந்நாட்டிலேயே வளர்ந்தது. இரவீந்திரநாத தாகூர் 1901இல் சாந்திநிகேதனத்தில் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1919இல் அங்கே கலாபவனம் உருவாயிற்று. அதனை நெடுங்காலம் வழிநடத்திய நந்தலால் போஸ், கல்வியில் கலையின் இடத்தைக் குறித்து எழுதியபோது வரையும் திறனைவிடக் காணும் பழக்கத்திற்கே முதன்மை தந்தார். பள்ளியில் நல்ல ஓவியங்களும் சிற்பங்களும் இருத்தல் வேண்டும், பருவந்தோறும் மாறும் இயற்கையோடு மாணவர் பழகுதல் வேண்டும் என்பன அவர் வற்புறுத்தியவை. கலாபவனத்தில் பயின்ற தேவி பிரசாத், 1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டின் வழியே உருப்பெற்ற ஆதாரக் கல்வியின் மையமாகிய சேவாகிராமத்தில் 1944 முதல் 1962 வரை ஓவிய ஆசிரியராகப் பணியாற்றினார். கலையே கல்வியின் அடிப்படை என்பது அவர்தம் கொள்கை. அதுவே 1998இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலின் தலைப்பும் ஆயிற்று. ஆகவே குழந்தையின் படைப்புரிமை பற்றிய பேச்சினை மேனாட்டிலிருந்து வந்த புதுமை என ஒதுக்கிவிட இயலாது.

வழுவும் வழுவமைதியும்

தாய் வீட்டினும் உயரமாக நிற்பதும் சுவர் ஊடுருவித் தெரிவதும் பிழைகளா? பிரெஞ்சு அறிஞர் லூக்கே 1927இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை தான் காண்பதை அன்றி அறிந்ததையே வரைகிறது என்னும் கருத்தை விளக்கினார். வீட்டினுள் அடுப்பு உண்டு என்பது குழந்தை அறிந்தது. ஆகவே அடுப்பு படத்தில் இடம்பெறுகிறது. விக்டர் லோவன்பெல்ட் 1947இல் எழுதிய நூலில், குழந்தை தனக்கு முதன்மையானதைப் பெரிதாகவும் தனக்குப் பொருட்டல்லாததைச் சிறிதாகவும் வரையும் இயல்பைப் பருவ வளர்ச்சியோடு இணைத்துக் காட்டினார். இவற்றை நோக்க, அப்படத்தில் ஒழுங்கின்மை இல்லை. வேறொரு ஒழுங்கு உள்ளது என்பது புலனாகும்.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இக்கருத்து புதிதன்று. வழுக்காத்தல் இருவகைப்படும் என்பர் உரையாசிரியர். வழுவாமற் காத்தல் ஒன்று. வழுவமைத்துக் காத்தல் மற்றொன்று. ஓர் ஆவினை உவப்பின் மிகுதியால் 'அம்மை' என ஒருவர் அழைத்தால் அஃறிணை உயர்திணை ஆகிறது. விதியை மட்டும் நோக்கினால் அது திணைவழு. ஆயினும் உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்குவதை நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. இங்கே இலக்கணம் செய்வது நுண்ணிய பணி. விதியினின்று விலகியதைக் கண்டவுடன் அது அழித்துவிடவில்லை; விலகியதற்குக் காரணம் உண்டா எனத் தேடுகிறது; காரணம் பேசுவோனின் உள்ளத்தில் இருப்பதைக் கண்டு அமைதி கூறுகிறது.

குழந்தையின் படத்தில் தாயின் உயரம் இத்தகைய அமைதிக்கு உரியது. ஆவினை அம்மை என்றவரின் உவப்பு இங்குக் கோட்டின் நீளமாக வெளிப்பட்டிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு இலக்கண மரபு, முதிர்ந்தோர் பேச்சிற்கு அளித்த இச்சலுகையை ஆறு வயதுக் குழந்தையின் கோட்டிற்கு நாம் மறுப்பது எதனால் என்பது சிந்திக்கத்தக்கது.

முதிர்ந்த ஓவிய மரபும் இவ்வமைதியை அறியும். அசந்தாவின் 17ஆம் குகையில் கபிலவத்துவிற்கு மீண்டுவந்த புத்தர், யசோதரையும் இராகுலனும் சிறியராகத் தோன்றும்படி பேருருவாக நிற்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர்கால ஓவியத்தில் சுந்தரர் வரலாற்றின் வெவ்வேறு காலத்து நிகழ்ச்சிகள் ஒரே சுவர்ப்பரப்பில் அமைந்துள்ளன. திருமணத்தைத் தடுத்த வழக்கும் கயிலைப் பயணமும் அங்கு ஒருங்கே உள்ளன. இவற்றை அளவுப்பிழை என்றோ காலப்பிழை என்றோ நாம் கூறுவதில்லை. குழந்தையைச் சோழர்கால ஓவியரோடு நிகர்வைப்பது இவ்வொப்பீட்டின் நோக்கமன்று. அவ்வோவியர் பல்லாண்டுப் பயிற்சியின் பயனாகத் தெரிந்து செய்தார். குழந்தை தன் வளர்ச்சியின் போக்கில் செய்கிறது. கண்ணுக்குத் தோன்றும் உருவ ஒப்புமை பல அளவுகோல்களுள் ஒன்றே என்பதும், அதனை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு பிழை எனத் தீர்ப்பது நேர்மையாகாது என்பதும் மட்டுமே ஈண்டுப் பெறப்படும் முடிவாகும்.

யார் கூற்று?

அகப்பாடலைப் படிப்போர் முதற்கண் எழுப்பும் வினா, அது யார் கூற்று என்பதே. தலைவி கூற்றைத் தோழி கூற்றாகக் கொண்டால் பாடலின் பொருளே திரிந்துவிடும். குழந்தையின் படத்திற்கும் இவ்வினா பொருந்தும். ஆசிரியர் திருத்திக் கொடுத்த படத்தில் கோடுகள் செம்மையாக இருக்கலாம். ஆயின் அது யார் கூற்று? குழந்தையின் பெயரில் ஆசிரியர் பேசியதாகவே அது அமையும். பெயர் ஒருவருடையதும் பேச்சு இன்னொருவருடையதுமாக இருப்பதில் உண்மைக்கு ஊறு நேர்கிறது. குழந்தை அதனைத் தன் படம் எனப் பெற்றோரிடம் காட்டிப் பாராட்டுப் பெறும்போது, தன் கூற்றுக்கு மதிப்பில்லை, பிறர் கூற்றைத் தனதாகக் காட்டினால் மதிப்புண்டு என்னும் பாடத்தையும் உடன் கற்றுக்கொள்கிறது.

நம் இலக்கியம் குழந்தையின் கையை வியந்து போற்றியுள்ளது. தம் மக்கள் சிறுகையால் துழாவிய கூழின் இனிமையை வள்ளுவர் கூறுகிறார். உணவினுள் கையிட்டு மெய்யெங்கும் பூசிக்கொள்ளும் புதல்வரைப் பெறாதார்க்கு வாழ்நாளிற் பயனில்லை எனப் பாண்டியன் அறிவுடை நம்பியின் புறப்பாட்டு கருதுகிறது. ஆயினும் இவ்விரண்டும் பெற்றோரின் மகிழ்ச்சியிலிருந்து பேசுபவை. அக்கை என்ன செய்ய முனைந்தது என்பது அங்கு வினாவாக எழவில்லை.

பிள்ளைத்தமிழின் சிற்றிற்பருவம் இதனின்று வேறுபட்டது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களுள் ஒன்றாகிய இதில், மணலில் சிறுவீடு கட்டிய சிறுமியர் பாட்டுடைத் தலைவனை நோக்கி அதனைச் சிதைக்க வேண்டா என வேண்டுகின்றனர். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகமும் கண்ணனை நோக்கிய இத்தகைய வேண்டுகோளே. இங்குப் பேசுவோர் கட்டியவர்கள். தாம் வருந்திச் செய்ததை, அது மணலேயாயினும், வலியவன் ஒருவன் காலால் அழிக்கலாகாது என்பது அவர்தம் முறையீடு. சிற்றில் நிலைத்து நிற்கும் வீடன்று என்பதை அச்சிறுமியரும் அறிவர். பொருளின் பெருமையைக் காட்டி அவர்கள் வாதிடவில்லை. செய்தவர்க்கு உள்ள உரிமையைக் காட்டியே வாதிடுகின்றனர். சிதைப்பவன் இறைவனாக இருந்தபோதும் அம்முறையீட்டைக் கவிஞர்கள் சிறுமியர் பக்கம் நின்றே பாடினர். வகுப்பறையில் ஆசிரியரின் அழிப்பானுக்கு எதிரே நிற்கும் குழந்தைக்கு இத்தகைய முறையீட்டுக் குரல் இல்லை. அக்குரலின் இடத்தை ஆசிரியரின் மனச்சான்றே நிரப்ப வேண்டியுள்ளது.

தலையிடாமை அறமாகுமா?

திருத்துதல் தவறாயின் ஒன்றும் செய்யாதிருத்தலே சரி என்னும் முடிவுக்குச் சிலர் வருவர். வியன்னாவில் 1897இல் சிறுவர் கலைவகுப்பைத் தொடங்கிய பிரான்சு சிசெக், குழந்தைகளைத் தம் போக்கில் வளரவிட வேண்டும் என்று கூறியவர். குழந்தைக் கலை என்னும் கருத்து உலகெங்கும் பரவ அவ்வகுப்பு பெரிதும் உதவிற்று. ஆயினும் அவ்வகுப்பிலிருந்து வந்த படங்களில் ஒரு பொதுப்பாணி தென்படுவதைப் பின்வந்தோர் சுட்டிக்காட்டினர். சொல்லாமலும் கற்பிக்கலாம். எந்தப் படம் சுவரில் ஏறுகிறது, எதைக் கண்டு ஆசிரியர் முகம் மலர்கிறது என்பவற்றைக் குழந்தைகள் விரைந்து கற்றுக்கொள்கின்றனர்.

மேலும் குழந்தை ஒருபோதும் வெற்றிடத்தில் வரைவதில்லை. சிறுவர் படங்கள் பெரும்பாலும் வேறு படங்களிலிருந்தே பிறக்கின்றன என்பதை அமெரிக்க ஆய்வாளர்களாகிய பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் 1977இல் வலியுறுத்தினர். இன்று தொலைக்காட்சியும் கைப்பேசியும் விளம்பரமும் குழந்தையின் கண்ணுக்கு இடைவிடாது படங்களை ஊட்டுகின்றன. ஆசிரியர் விலகி நின்றால் அவ்விடத்தைச் சந்தை நிரப்பும். ஆகவே தலையிடாமை என்பது பல வேளைகளில் நடுநிலையாக இராது, கைவிடுதலாகவே முடியும். எதைக் காட்டினும் 'மிக நன்று' என்று கூறிப் பக்கத்தைப் புரட்டும் ஆசிரியரும் அப்படத்தைப் பார்க்கவில்லை. திருத்துபவர் படத்தைத் தவறாகப் பார்த்தார் எனில் இவர் பார்க்கவே இல்லை.

மரபுக் கலைகளைக் காட்டி எழும் தடையும் கருதத்தக்கது. கோலம் கற்பிக்கும் தாய் மகளைத் திருத்துகிறாளே, அதுவும் உரிமைப் பறிப்பா என வினவலாம். இங்கு ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். சிக்குக் கோலத்தில் இழை புள்ளிகளைச் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் கூட வேண்டும். கூடாவிடின் அதனைத் தாய் சொல்ல வேண்டியதில்லை, கோலமே சொல்லிவிடும். விதி செய்பொருளினுள்ளேயே இருப்பதால் சிறுமி தானே பிழையைக் காண்கிறாள், தானே அழிக்கிறாள், தானே மீண்டும் இழுக்கிறாள். தாயின் கை வழிகாட்டுகிறது. தீர்ப்பு சிறுமியின் கண்ணுக்கு உரியதாகிறது. அவ்வாறு விதியை அகத்தே கொண்ட மரபு விடுதலைக்குப் பகையாவதில்லை. மிதிலை ஓவியர் கங்கா தேவி (1928–1991) மணவறைச் சுவர்களுக்குரிய மரபுக்கோட்டைக் கைக்கொண்டே, தாம் அமெரிக்கப் பயணத்தில் கண்ட காட்சிகளையும் தில்லியில் பெற்ற புற்றுநோய்ச் சிகிச்சையையும் வரைந்தார். மரபு அவருக்கு மொழியாக இருந்தது. கூற்று அவருடையதாகவே இருந்தது.

மொழியைக் கற்பித்தல் வேறு, கூற்றை மாற்றுதல் வேறு என்பது இதனால் விளங்கும். தூரிகையைப் பிடிக்கும் முறை, வண்ணங்களைக் கலக்கும் முறை, களிமண் பிளவுபடாமல் பிசையும் முறை ஆகியவற்றைக் கற்பிப்பது ஆசிரியர் கடமை. ஒன்பது பத்து வயதில் குழந்தை தன் படம் தான் கண்டதுபோல் இல்லை என வருந்தத் தொடங்குகிறது. 'எனக்கு வரைய வராது' என்னும் சொல் பெரும்பாலும் அப்போது பிறக்கிறது. குழந்தை உதவி வேண்டும்போது 'உன் விருப்பப்படி வரை' என்று விடுவது அன்பின்மையே ஆகும். கேட்கப்பெற்ற உதவிக்கும் கேளாத திருத்தத்திற்கும் இடையேதான் அறத்தின் எல்லைக்கோடு செல்கிறது.

ஆசானின் கை

குருவின் திருத்தத்தால் உயர்ந்த கலைஞர் பலர் உண்டு என்பது மற்றொரு தடை. இதற்கு விடையாக வங்க ஓவிய வரலாற்றில் வழங்கும் நிகழ்ச்சி ஒன்றைக் காட்டலாம். நந்தலால் போஸ் மாணவராக இருந்த காலத்தில் உமையின் தவத்தை வரைந்து, தம் ஆசிரியர் அவனீந்திரநாத தாகூரிடம் காட்டினார். படத்தில் வண்ணம் போதாது, உமையைச் சற்று அணிசெய்யலாம் என ஆசிரியர் கூற, மாணவர் படத்துடன் திரும்பினார். அன்றிரவு அவனீந்திரநாதருக்கு உறக்கம் வரவில்லை. தவத்தில் இருப்பவளுக்கு அணி எதற்கு, மாணவன் கண்ட உமையைத் தாம் ஏன் மாற்றச் சொன்னோம் என எண்ணி, விடிந்ததும் விரைந்து சென்று படத்தை மாற்றாமல் தடுத்தார் என்பர். அந்த மாணவர் குழந்தை அல்லர். கலையைத் தாமே தேர்ந்து வந்த இளைஞர். அவரிடத்துக்கூடத் தம் சொல்லின் எல்லையைத் தேர்ந்த ஆசிரியர் உணர்ந்தார் எனின், ஆறு வயதினரிடம் எத்துணை எச்சரிக்கை வேண்டும் என்பது வெளிப்படை.

தேர்ந்து வந்தவர் என்பது ஈண்டு முதன்மையான சொல். குருவினிடம் செல்பவர் திருத்தப்படுவதற்கு இசைந்தே செல்கிறார். வேண்டாவெனில் விலகவும் செய்யலாம். தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு அவ்விசைவும் இல்லை, விலக்கும் இல்லை.

திருத்தம் என்பதே படைப்புக்குப் பகை என்றும் கொள்ளலாகாது. தாகூர் அறுபதாம் வயதைக் கடந்தபின் ஓவியரானதற்கு அவருடைய கையெழுத்துப்படிகளின் திருத்தங்களே வாயிலாயின. 1924ஆம் ஆண்டையொட்டிய 'பூரவி' கவிதைப்படிகளில் அடித்த சொற்களை ஒன்றோடொன்று கோட்டால் இணைக்க, அவை பறவையாகவும் விலங்காகவும் முகமாகவும் உருக்கொண்டன. 1930இல் பாரிசில் அவர்தம் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. தன் கையால் தன் கூற்றை அடித்துத் திருத்தும்போது அடித்தலும் ஆக்கமாகிறது. குழந்தைக்கும் இவ்வுரிமை வேண்டும். அழிப்பான் இருக்கட்டும், அது குழந்தையின் கையில் இருக்கட்டும்.

கட்டாயமும் மதிப்பீடும்

இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கியது. 2010 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின் அட்டவணை, நூற்றுக்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிலையில் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குக் கலைக்கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநரை வேண்டுகிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு அத்தகைய ஏற்பாடு அதில் இல்லை. கை மிக இயல்பாக வரையும் வயதில் குழந்தையின் படத்தைப் பார்ப்பவர் பெரும்பாலும் கணக்கும் மொழியும் கற்பிக்கும் வகுப்பாசிரியரே. அவர்மீது குறைகூறுவது நேர்மையன்று. எல்லாவற்றையும் சரி, தவறு எனப் பிரிக்கும் சிவப்பு மையை நாளெல்லாம் கையாளுபவர் ஓவிய வேளையில் மட்டும் வேறு கண்ணோடு பார்க்க வேண்டுமெனில், அதற்குரிய பயிற்சியை அவருக்கு அளித்தல் அரசின் கடமையாகிறது. குழந்தையைக் கட்டாயமாக வகுப்பில் அமர்த்தும் அரசு, அங்கே அதன் கூற்று சிதையாமலிருக்கவும் பொறுப்பேற்க வேண்டும்.

கொள்கை ஆவணங்கள் இதனை முற்றிலும் மறந்துவிடவில்லை. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005, கலைக்கல்வியைப் பத்தாம் வகுப்புவரை கட்டாயப் பாடமாக்கப் பரிந்துரைத்தது. தேசியக் கல்விக் கொள்கை 2020 கலையை ஏனைய பாடங்களோடு ஒருங்கிணைத்துக் கற்பிக்க வழிகாட்டியது. 2023ஆம் ஆண்டுப் பள்ளிக் கலைத்திட்ட வடிவமைப்பு கலைக்கல்வியைத் தனிப் பாடப்பரப்பாக வகுத்தது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் ஒருங்கிணைப்பு என்னும் பெயரால் ஓவியம் ஏனைய பாடங்களின் ஏவலாளாகிவிடலாகாது. ஒளிச்சேர்க்கையை விளக்க இலை வரைவது பயனுடையதே. அங்கே இலைக்கு ஊதா நிறம் தீட்டினால் திருத்தவும் வேண்டும். அறிவியல் வரைபடம் செய்தி கூறுவது. அதற்குச் சரியும் தவறும் உண்டு. அதனை மட்டுமே வரைந்த குழந்தை தன் கூற்றை எங்கே வரையும் என்பதுதான் வினா.

போட்டிகள் பற்றியும் ஒரு சொல். கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் 1949இல் தொடங்கிய சிறுவர் ஓவியப்போட்டி உலகச் சிறுவரின் படங்களைப் பெரியோர் மதித்துப் பார்க்கச் செய்தது. அதன் நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் வகுப்பறை போட்டிக்களமன்று. நாற்பது படங்களுள் மூன்றைச் சுவரில் ஏற்றினால் முப்பத்தேழு குழந்தைகளுக்கு அச்சுவர் தீர்ப்பாகிவிடும். தமிழகத்தில் 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும் பின்னர் மாநிலமெங்கும் நடைமுறையில் இருந்த செயல்வழிக் கற்றல் வகுப்பறைகள் ஈண்டு நினைக்கத்தக்கவை. அங்குத் தலைக்குமேல் கட்டப்பெற்ற கம்பிப்பந்தலில் குழந்தைகளின் படங்கள் தொங்கின. சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தைகளின் கைக்கு எட்டும் கரும்பலகை இருந்தது. அம்முறை பின்னர் மாறியது. ஆயினும் தேர்ந்தெடுக்காமல் தொங்கவிடுதல் என்னும் அச்சிறு வழக்கம் ஓர் அறக்கொள்கையைத் தன்னுள் கொண்டிருந்தது. அதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு கம்பி போதும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் ஆசிரியரின் கடமைகளை நான்காக வகுக்கலாம். முதலாவது பொருள் தருதல்: தாள், வண்ணம், களிமண், கரித்துண்டு ஆகியன எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்கச் செய்தல். வறிய குழந்தைக்கு உரிமை பற்றிப் பேசிவிட்டுத் தாள் தராதிருப்பது வெற்றுரையாகும். இரண்டாவது காணச் செய்தல்: வேம்பின் இலையும் புங்கின் இலையும் எவ்வாறு வேறுபடுகின்றன, மாலை வெயிலில் சுவரின் நிறம் என்னாகிறது என நோக்கப் பழக்குதல். மூன்றாவது வினவுதல்: 'இது என்ன?' என்னும் வினாவில் தீர்ப்பு மறைந்துள்ளது. 'இதைப் பற்றிச் சொல்' என்பதில் கேட்கும் விருப்பம் உள்ளது. நான்காவது காத்தல்: படத்தின்மீது கோடிடாமலும் மதிப்பெண் எழுதாமலும் நாளும் பெயரும் குறித்து வைத்தல். ஆண்டிறுதியில் ஒரு குழந்தையின் படங்களை வரிசையாக அடுக்கினால் வளர்ச்சி தானே தெரியும். அதுவே அக்குழந்தைக்குரிய மெய்யான மதிப்பீடு.

கோட்டினைத் திருத்துவதற்கு நொடிப்பொழுது போதும். அக்கோட்டின் காரணத்தைக் கேட்டறியப் பொறுமை வேண்டும். நாற்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் அப்பொறுமை எளிதன்று என்பதும் உண்மையே. ஒரு நாளில் எல்லாப் படங்களையும் கேட்க இயலாதெனின் நாளொன்றுக்கு நான்கினைக் கேட்கலாம். எஞ்சியவற்றைத் திருத்தாமல் வைத்திருக்கலாம். நன்னூலார் ஆவினை அம்மை என்றவரின் உவப்பைக் கேட்டபின்னரே அமைதி கூறினார். இலக்கணம் அறிந்தோரின் அவ்வொழுக்கம் தொடக்கப்பள்ளி ஓவிய வகுப்பிற்கும் உரியதாதல் வேண்டும்.